தானுகந்த படங்கள்: பால் சால்ட்ஸ்மனின் பீட்டில்ஸ் புத்தகம்

1968 பிப்ரவரி. ரிஷிகேஷில் கங்கைக்கு மேலே மேட்டில் இருந்த மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரம வாசலில் கனடாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் கூடாரத்தில் தங்கி நாட்கணக்கில் காத்துக் கிடந்தார். பெயர் பால் சால்ட்ஸ்மன், வயது 24. அவர் இந்தியாவுக்கு வந்தது ஓர் ஆவணப்படத்துக்கு ஒலிப்பதிவு செய்ய. ராஜஸ்தானில் எழும்பிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்துக்கு உலையின் ராட்சத பாகம் ஒன்றைச் சாலை வழியே இழுத்துச் சென்ற பயணத்தை கனடாவின் நேஷனல் ஃபிலிம் போர்டு படமாக்கியது. வந்த இடத்தில் ஊரிலிருந்து காதலியின் கடிதம்: இன்னொருவருடன் வாழப் போய்விட்டாராம். உடைந்துபோன மனதுக்குத் தியானம் மருந்தாகலாம் என்று யாரோ சொல்ல, ரிஷிகேஷுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் உள்ளே பீட்டில்ஸ் தங்கியிருந்தார்கள். வெளியாட்களுக்குக் கதவு திறக்கவில்லை. காத்திருந்து, கடைசியில் உள்ளே போய், தியானம் கற்று, ஒரு வாரம் போல அங்கேயே இருந்தார். கையில் விலை குறைந்த ஒரு பென்டாக்ஸ் கேமரா.

அந்தப் படங்கள் 32 ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. மகள் தேவயானி ஒருநாள் அவற்றைப் பற்றிக் கேட்டதால்தான் வெளியே வந்தன. (தேவயானியின் தாய் திரைப்பட இயக்குநர் தீபா மேத்தா.) 2000இல் ‘தி பீட்டில்ஸ் இன் ரிஷிகேஷ்’ என்ற பெயரில் புத்தகமானது, 2018இல், அந்தப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், ‘தி பீட்டில்ஸ் இன் இந்தியா’ என்று பெரிய அளவில் மீண்டும் வந்தது. ராக் இசையின் மிகப் பெரிய குழு, அதன் கற்பனை மிகவும் பொங்கிய காலத்தில், இந்திய மண்ணில் உட்கார்ந்திருந்ததன் நேரடிச் சாட்சி என்பதுதான் இதைச் சுற்றி எழுப்பப்பட்ட பெருமை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் வாழ்ந்துகொண்டு, அங்கிருந்தே இந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவன் நான். அந்தப் பெருமையில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு உதிரும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படங்களை நான் மிகவும் நேசிப்பதால் அந்த வேலை இன்னும் அவசியமாகிறது.

முதலில் படங்களின் பலம். உலகத்திலேயே அதிகம் படம்பிடிக்கப்பட்ட நான்கு முகங்கள் இவை. 1964 முதல் இவர்கள் போன இடமெல்லாம் ஃபிளாஷ் வெளிச்சம். அதற்கு ஏற்றபடி முகத்தை வைத்துக்கொள்ளவும் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இந்தப் படங்களில் இல்லை. ஹாரிசன் இமைப்பதுகூடத் தெரிகிற நெருக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் செய்யாமல். லெனனின் கண்ணாடிக்குள் பார்வை எங்கோ நிலைத்திருக்கிறது. கேமராவை அவர் தவிர்க்கவும் இல்லை, தேடவும் இல்லை. மெக்கார்ட்னி சவரம் செய்யாத முகத்தோடு, யாருக்காகவும் அழகாக இருக்க வேண்டாம் என்ற நிம்மதியில் இருக்கிறார். ரிங்கோ தன் கையில் சினிமா கேமரா வைத்துக்கொண்டு, தானும் சுற்றுலா வந்தவர்போல மகிழ்கிறார்.

இது எப்படிச் சாத்தியமானது? சால்ட்ஸ்மன் பத்திரிகைக்காரர் அல்ல. படங்களை யாருக்கும் விற்கிற எண்ணத்தோடு எடுக்கவில்லை. எடுப்பதற்கு முன் கேட்டுக்கொண்டு எடுத்தார். பெரும்பாலான நேரம் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்த நீள மேசையில் அவர்களோடு சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வகை உருவத்துக்கு ஒரு பெயர் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் ராமானுஜர் விக்கிரகத்தை ‘தானுகந்த திருமேனி’ என்பார்கள். அவர் வாழ்ந்திருந்தபோதே வடிக்கப்பட்டு, அவரே தழுவி உகந்து தந்தது என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. உருவம் கொடுக்கப்பட்டவரின் சம்மதம் உருவத்துக்குள் இருக்கிறது. சால்ட்ஸ்மனின் உருவப்படங்களில் நான் காண்பது அந்தச் சம்மதத்தைத்தான். பீட்டில்ஸைப் படம்பிடித்த கைதேர்ந்த கலைஞர்கள் பலர். ராபர்ட் ஃப்ரீமன், ராபர்ட் விட்டேக்கர் போன்றவர்களின் ஒளியமைப்பும் சட்டக அறிவும் சால்ட்ஸ்மனிடம் கிடையாது. ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத தளர்வு இவருக்குக் கிடைத்தது.

இந்தத் தளர்வின் மதிப்பு அந்த ஆண்டின் பிற்பகுதியைப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். ரிஷிகேஷில் பிறந்த பாடல்களோடு லண்டன் திரும்பியவர்கள் ஸ்டூடியோவில் ஒருவரை ஒருவர் தாங்க முடியாமல் தவித்தார்கள். ஜூலையில் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக் வேலையை விட்டுப் போனார். ஆகஸ்ட்டில் ரிங்கோவே குழுவை விட்டு வெளியேறி, இரண்டு வாரம் போல் கழித்துத்தான் திரும்பினார். 1968 நவம்பர் 22இல் வந்த அந்த இரட்டை இசைத்தட்டு, எல்லோரும் வெள்ளை ஆல்பம் என்று அழைப்பது, அட்டையில் படமே இல்லாமல் வந்தது. உள்ளே ஜான் கெல்லி எடுத்த நான்கு வண்ணப்படங்கள்: நாலு பேர், நாலு தனித்தனித் தாள். அதே ஆண்டின் தொடக்கத்தில் சால்ட்ஸ்மன் எடுத்ததில் அவர்கள் இன்னும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். இந்த இரண்டு தொகுப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு குழு பிரிந்த கதை ஒரு வரி எழுத்தில்லாமல் விளங்கிவிடும்.

இனி, கற்பனை பொங்கிய காலம் என்ற உரிமைகோரல். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன என்பது என் எண்ணம். ரிஷிகேஷில் அவர்கள் ஏராளமாக எழுதினார்கள். வெள்ளை ஆல்பத்தின் 30 பாடல்களில் பெரும்பகுதி அங்கே முளைத்தவை. தியானத்திலேயே மூழ்கி அறையை விட்டு வெளியே வராத ப்ரூடன்ஸ் ஃபேரோவை அழைக்க ஒரு பாட்டு. புலி வேட்டைக்குப் போய்வந்த அமெரிக்கர் ஒருவரை இடித்துரைக்க ஒரு பாட்டு. பாடகர் டோனவனிடம் லெனன் கற்றுக்கொண்ட விரல் மீட்டும் முறையில் தாயை நினைத்து ஒரு பாட்டு. விளைச்சல் மிகுதி, சந்தேகமில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடித்த காலம் எது என்று கேட்டால் என் விரல் 1966–67ஐத்தான் காட்டும். ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவின்போது லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவின் பல அறைகளில் டேப் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடின. சுற்றிக்கொண்டே இருக்கும் டேப் வளையங்கள் தொய்ந்துவிடாமல் ஊழியர்கள் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாடகர் ஒரே தரம் பாடியதை இரட்டைக் குரலாக்கும் உத்தியைக் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர் அப்போதுதான் உருவாக்கினார். அந்தக் காலத்தின் புதுமை கருவிகளிலும் கம்பிகளிலும், பென்சில் பிடித்த கைகளிலும் இருந்தது. ரிஷிகேஷில் இருந்தவை சில அக்கூஸ்டிக் கிட்டார்களும் நிறைய ஓய்வும். இரண்டுமே அருமையான காலங்கள். இரண்டாவதைப் படம்பிடித்த புத்தகம் முதலாவதின் பெருமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளக் கூடாது.

சரி, பாட்டு எழுதும் வேலையையாவது இந்தப் புத்தகம் காட்டுகிறதா? பங்களா படிக்கட்டில் லெனனும் மெக்கார்ட்னியும் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது, பக்கத்தில் ரிங்கோ. அப்போது உருவாகிக்கொண்டிருந்தது ‘ஓப்லடி ஓப்லடா’ என்கிறார் சால்ட்ஸ்மன். புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் போகும் பக்கம் இது. உடல்களைக் கவனியுங்கள். இருவரும் கேட்பவர்களுக்காக வாசிக்கும் நிலையில் இல்லை. முகத்தில் சிரிப்பு இருந்தாலும் முதுகு கொஞ்சம் கூனி, கவனம் விரலுக்கும் நரம்புக்கும் நடுவில் இருக்கிறது. இதற்குப் பின் இந்த இருவரும் இப்படி அருகருகே உட்கார்ந்து ஒரு பாட்டை நெய்தது குறைந்துகொண்டே போனது. ஓர் ஒளிப்படக்காரருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு படம் கிடைத்தால் போதும். ஆனால் புத்தகத்தின் கனம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது. மற்றவை முகங்கள், மாலைகள், மரநிழல், பேச்சு.

தியானம் படத்தில் வராது என்பதும் உண்மை. கண்மூடி உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுத்தால் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்தான் கிடைப்பார். மகரிஷியின் முறையில் ஒவ்வொருவருக்கும் தனியே ஒரு மந்திரம் தரப்படும். அதை அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது. திருக்கோஷ்டியூரில் அந்தரங்கமாகக் கிடைத்த மந்திரத்தைக் கோபுரம் ஏறி எல்லோருக்கும் அறிவித்த ராமானுஜர் பிறந்த ஊரில் வசிக்கிறவனுக்கு இந்தப் பூட்டிய வாசல், இந்தத் தனி மந்திரம் எல்லாம் உறுத்தத்தான் செய்யும். சால்ட்ஸ்மனுக்கு அது உறுத்தவில்லை. வாசலில் தடுக்கப்பட்டவர் என்ற நினைவு, உள்ளே போனதும் அவரை விட்டு அகன்றுவிடுகிறது. வெளியே நின்ற மற்றவர்கள் பக்கம் கேமரா திரும்பவே இல்லை.

என் பெரிய குறை அங்கே தொடங்குகிறது. குழுப்படம் எடுத்த நாளின் படங்களைப் பாருங்கள். எல்லோர் கழுத்திலும் சாமந்தி மாலை. நால்வர் மேலும் அவர்களோடு வந்த பெண்கள் மேலும் புதிதாகத் தைத்த இந்திய உடைகள். ரிஷிகேஷ் கடைத்தெருவில் துணி எடுத்து, ஆசிரமத்திலேயே இருந்த தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள் என்பது அங்கே இருந்தவர்கள் பலரும் எழுதிய விஷயம். ஜிப்பாவின் கழுத்து வளைவும் கைத்தையலும்கூடத் தெரிகிற அளவுக்கு நெருங்கி எடுக்கப்பட்ட படங்கள் இவை. தைத்தவர் எங்கே? மூன்று வேளையும் சாப்பாடு வந்த மேசை திரும்பத் திரும்ப வருகிறது, சமைத்தவர் எங்கே? டேராடூனில் பிரதாப் மியூசிக் ஹவுஸ் நடத்திய அஜித் சிங் என்பவர் லெனனின் கிட்டாரைச் சரிசெய்து கொடுத்தார், பிப்ரவரி 25இல் ஹாரிசனின் 25ஆம் பிறந்தநாளில் வீணை வாசித்தார். அந்தப் பாடல்களின் ஒலிக்கே கைகொடுத்த இப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் மையத்தில் இடமில்லை. இந்தியா இருக்கிறது, பின்திரையாக.

இது சால்ட்ஸ்மன் ஒருவரின் பழக்கம் அல்ல. 1966இல் ‘லவ் யூ டூ’ பாடலுக்குத் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் இசைத்தட்டின் உறையில் அச்சானது. அடுத்த ஆண்டே ‘விதின் யூ விதவுட் யூ’ பாடலில் தில்ரூபாவும் தபலாவும் தம்புராவும் வாசித்த லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1968 ஜனவரியில் பம்பாய் ஸ்டூடியோவில் ஹாரிசன் இந்தியக் கலைஞர்களை வைத்து ‘தி இன்னர் லைட்’ பாடலின் இசையைப் பதிவு செய்தார். ரிஷிகேஷுக்கு ஒரு மாதம் முன்பு நடந்தது அது. பீட்டில்ஸின் கற்பனையும் இந்திய இசையும் நிஜமாகவே கைகோத்த இடம் பம்பாயின் அந்த அறைதான்; ஆசிரமத்துப் புல்வெளி அல்ல. ‘பீட்டில்ஸ் இந்தியாவில்’ என்று பெயர் வைத்த புத்தகம் அந்த அறையின் வாசலைக்கூடத் தொடவில்லை. படம் இல்லாவிட்டால் எழுத்திலாவது அதற்கு இடம் கொடுத்திருக்கலாம்.

இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படுவதற்கு நான் இருக்கும் இடமும் காரணம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் பல ஆலைகளில் உள்ளே நுழையும்போது செக்யூரிட்டி உங்கள் செல்போன் கேமரா மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். தொழில் ரகசியம் காக்க வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் அதன் விளைவு என்ன? 1990களின் பிற்பகுதியிலிருந்து இங்கே கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று லட்சக்கணக்கில் செய்து குவித்திருக்கிறோம். பொதுவெளியில் எஞ்சியிருக்கும் படங்களோ மாலை போட்ட முதல் காரும் அதன் பக்கத்தில் நிற்கும் பிரமுகர்களும்தான். லைனில் நின்றவர்கள், வெல்டிங் ஷாப்பில் கை சுட்டுக்கொண்டவர்கள், இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வாய் திறந்து தூங்கிப்போன பெண்கள், ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து ஒரே அறையில் முறைபோட்டுப் படுக்கும் பையன்கள் எவரும் அந்தப் படங்களில் இல்லை. மாலை போட்டவர்களை மட்டும் காட்டும் படத்தை நாங்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வோம். அது பொய் அல்ல, பாதி.

பாதி என்பதைக் குற்றமாக ஏன் சொல்ல வேண்டும், மனம் உடைந்த ஓர் இளைஞன் ஒரு வாரத்தில் எடுத்த சில படங்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். 1968இன் சால்ட்ஸ்மனிடம் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தனக்காக எடுத்தார். அந்த அளவில் அவை களங்கமற்றவை. எதிர்பார்ப்பது 2000இலும் 2018லும் புத்தகம் தொகுத்தவரிடம். இடையில் அவர் அனுபவம் மிக்க படத் தயாரிப்பாளர் ஆகிவிட்டார். எதைச் சேர்க்க வேண்டும், எதை விளக்க வேண்டும் என்று தெரிந்தவர். அவர் எழுத்து போகும் பாதை வேறு: காதல் தோல்வி, தியானம் தந்த ஆறுதல், லெனன் சொன்ன தேற்றுதல், புகழும் பணமும் உள்ளுக்குள் அமைதி தராது என்று ஹாரிசன் பேசியது. அவருடைய துயரம் நிஜமானது. அதைப் படிக்கையில் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் பல பத்தாண்டு இடைவெளியைத் தாண்டி வரும் நீண்ட உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நம்பிவிட முடியாது. படத்துக்கு ஞாபகம் தேவையில்லை, பேச்சுக்குத் தேவை. இரண்டையும் ஒரே நம்பகத்தோடு ஒரே பக்கத்தில் வைத்தது தொகுப்பின் பலவீனம்.

இன்னொன்று காலம். ரிங்கோ மார்ச் முதல் தேதி வாக்கிலேயே கிளம்பிவிட்டார். மெக்கார்ட்னி மார்ச் கடைசியில். லெனனும் ஹாரிசனும் ஏப்ரல் 12இல் கசப்போடு வெளியேறினார்கள். மகரிஷியின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டு எழுந்து, அந்த ஆத்திரத்தில் லெனன் எழுதிய ‘செக்ஸி சேடி’யும் இதே பயணத்தின் விளைச்சல்தான். சால்ட்ஸ்மன் பார்த்தது அதற்கு முந்தைய நல்ல நாட்களை மட்டும். அந்த வாரத்தின் இனிமையை இரண்டு மாதத்துக்கும் இழுத்துப் போர்த்திவிடுகிறது புத்தகம். கோபமும் ஏமாற்றமும் பாட்டுக்கு உரமானதை இதில் பார்க்க முடியாது.

ஒப்பிட ஒரு புத்தகம் இருக்கிறது. பால் மெக்கார்ட்னி தானே எடுத்த படங்களைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட ‘1964: ஐஸ் ஆஃப் தி ஸ்டார்ம்’. படக்கலையில் அவரும் தொழில்முறைக்காரர் அல்ல. ஆனால் அவர் கேமரா வெளியே பார்க்கிறது: நியூயார்க்கில் தங்களைச் சுற்றி முண்டியடிக்கும் புகைப்படக்காரர்கள், தெருவில் காரைத் துரத்தி ஓடும் ரசிகர்கள், மயாமியில் காவலர் ஒருவரின் இடுப்புத் துப்பாக்கி. புகழின் நடுவில் உட்கார்ந்திருந்தவர், தன்னைச் சுற்றி வேலை செய்தவர்களைப் பார்த்தார். புகழுக்கு வெளியிலிருந்து வந்த சால்ட்ஸ்மன் புகழை மட்டுமே பார்த்தார். முகங்களின் ஆழத்தில் சால்ட்ஸ்மன் முந்துகிறார். ஒரு காலத்தை முழுதாகக் காட்டியதில் மெக்கார்ட்னி வெகுதூரம் முந்திவிடுகிறார்.

இந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. பிரசாத் ஸ்டூடியோவில் இளையராஜாவின் நோட்டுத் தாளைப் பார்த்து வாசித்த வயலின் வரிசையை, கீபோர்டில் விஜி மானுவலை, ரிதம் பகுதியில் புருஷோத்தமனை இப்படி நெருங்கி, அவர்கள் சம்மதத்தோடு எடுத்த படங்கள் ஒரு பெரிய தொகுப்பாகக் கிடைத்தால் அதற்கு நான் எவ்வளவு விலையும் கொடுப்பேன். அதில் நோட்டு நகல் எடுத்தவரும் டீ கொண்டு வந்தவரும் இருக்க வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு. உருவப்படத் தொகுப்பாக இது முதல் வரிசை. பீட்டில்ஸ் பற்றிய படப்புத்தகங்களில் இவ்வளவு தளர்ந்த, இவ்வளவு நம்பிக்கையான முகங்கள் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. தன்வரலாற்று எழுத்தாக நடுத்தரம். குழுவின் கற்பனை பொங்கிய காலத்தின் ஆவணம் என்ற உரிமைகோரல் நிற்காது. படிக்கட்டுப் படம் தவிர. இந்தியாவைப் பற்றிய புத்தகம் என்பது அதைவிடவும் பலவீனமான உரிமைகோரல். வாங்குகிறவர்கள் 2018 பதிப்பை வாங்குங்கள். அதே ஆண்டில்தான் வெள்ளை ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்போடு, 1968 மே மாதம் ஹாரிசன் வீட்டில் பீட்டில்ஸ் அக்கூஸ்டிக் கிட்டார்களோடு பாடிப் பார்த்த பதிவுகளும் முழுத் தொகுதியாக அதிகாரபூர்வமாக வெளிவந்தன. படிக்கட்டுப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றைக் கேளுங்கள். ரிஷிகேஷில் நடந்த வேலை அந்த ஒலியில் இருக்கிறது. சால்ட்ஸ்மனின் எழுத்தில் இல்லை.